மன்னிக்காத லென்ஸ்

இந்த வாரம் நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் பல்செட்டின் மேல் சத்தியம். மேல்வரிசை மேல் ஒரு தரம், கீழ்வரிசை மேல் ஒரு தரம் என்று தனித்தனியாகவே செய்து கொடுக்கிறேன். இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவர்கள் போன வாரமும் சந்தேகப்பட்டவர்கள்தான். அவர்களை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

போன வாரம் எங்கே விட்டேன்? பல் டாக்டர் அம்மா என் மாப்பிள்ளையின் ஸ்டுடியோவுக்கு வந்து, தன் படத்தை மேசையில் போட்ட இடத்தில். படத்தில் அவருடைய காது அத்தனை தெளிவாக இருந்தது. கண்ணும் சிரிப்பும் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மங்கிக் கிடந்தன.

“என் காதைப் பாத்துட்டு யாரும் பல்லு பிடுங்கிக்க வரமாட்டாங்க சார்,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. முகம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரில்தான் எங்கள் வீட்டு முன்னறை ஸ்டுடியோவாக நடக்கிறது. பின்னறையில் நாங்கள் வாழ்கிறோம். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்.

“லென்ஸ்தான் மாமா. உள்ளுக்குள்ள செத்துப்போச்சு.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு மாப்ள?”

“சாகறது எல்லாம் நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.”

அடுப்படியில் என் மகள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அவள் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்களிடம் நான் எதையும் ஒளிப்பதில்லை.

மாப்பிள்ளையின் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. பார்க்கிறவர் கண்ணுக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொண்டால் உள்ளே எல்லாம் தெளியும். என் மகள் தினமும் காலையில் கேமராவைத் துடைப்பாள். கொஞ்ச காலமாகத் துடைக்கும் சாக்கில் அந்தச் சக்கரத்தை அவருக்குத் தெரியாமல் திருப்பி வருகிறாள். அவர் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தால் மறுநாள் காலையில் ‘கிர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவர் பழையபடி சீட்டியடித்துக்கொண்டு படம் எடுப்பார். சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு ‘கிர்’.

“அவருக்குத் தெளிவா இருக்குற இடத்துல நான் பாத்தா ஒரே புகைமூட்டமா இருக்குப்பா,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

“டாக்டர்கிட்ட போகச் சொல்லேன்.”

“சொன்னேன். பல்புலதான் வெளிச்சம் பத்தலன்னு சொல்லி, வீடு முழுக்கப் புது பல்பு மாட்டினாரே, அது அன்னைக்குத்தான்.”

உண்மைதான். பல்புக்குப் பிறகு பேப்பர்காரன் மாறினான், அச்சு மங்கல் என்று. அதற்குப் பிறகு எதிர்க்கடைக்காரர், பெயர்ப்பலகையைத் துடைப்பதில்லை என்று திட்டு வாங்கினார். ஊரில் எல்லாவற்றுக்கும் பார்வை கெட்டுப்போயிருந்தது, மாப்பிள்ளையைத் தவிர.

இப்போது விஷயம் என்னவென்றால், சக்கரம் கடைசிக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் திரும்பாது.

ஆக அன்று காலை நாங்கள் மூவரும் லென்ஸ் வாங்கப் புறப்பட்டோம்.

கடைக்காரர் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, இரண்டு லென்ஸ்களை வைத்தார். ஒன்று பேர்போன கம்பெனியின் பெரிய லென்ஸ். அதை அவர் தூக்கி வைத்தபோது கடையின் விளக்குகள் லேசாக மங்கின. மரியாதையாக இருக்கலாம். இன்னொன்று அவ்வளவாகப் பெயர் கேள்விப்படாத கம்பெனியுடையது. அதே வேலைக்குத்தான், ஆனால் கைக்குள் அடங்கும் அளவு.

பெரியதன் விலையைக் கேட்டேன். சொன்னார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே நாற்காலி இல்லை.

“இதுல முகத்தை எடுத்தீங்கன்னா சார், பின்னாடி இருக்கறது எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிடும்,” என்றார் கடைக்காரர்.

“சின்னதுல?” என்றாள் மகள்.

“அதுலயும் உருகும் மேடம். ஆனா கொஞ்சம் யோசிச்சு உருகும்.”

மாப்பிள்ளை பெரிய லென்ஸைக் கையில் ஏந்திக்கொண்டார். என் மகள் பிறந்தபோது நர்ஸ் அவளை என்னிடம் கொடுத்த மாதிரி, ஒரு கை அடியில், ஒரு கை மேலே. முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த களை வந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் மகள் கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டாள். என் காதுக்கு எட்டாத இடம் அந்தக் கடையில் இல்லை.

“அண்ணே, ஃபோகஸ் கொஞ்சம் முன்ன பின்ன ஆச்சுன்னா எது தாங்கும்?”

“பெரிசு தாங்காது மேடம். கண்ணிமையில வெச்சா மூக்கு போயிடும். மூக்குல வெச்சா கண்ணு போயிடும். மன்னிக்கவே மன்னிக்காது. எடுக்கறவங்க கண்ணு அந்த அளவுக்குத் துல்லியமா இருக்கணும். சின்னது பரவால்ல. தப்பு பண்ணாலும் மூடி மறைச்சிடும்.”

“அப்ப சின்னதே போதும்.”

“சாருக்குப் பெரிசுதான் பிடிச்சிருக்கு போல?”

“சாருக்கு என்னைக்கூடத்தான் பிடிச்சிருக்கு. அதுக்காக நல்லதா ஆயிடுமா?”

கடைக்காரர் அனுபவசாலி. கணவன் மனைவிக்கு நடுவில் லென்ஸ் விற்று அடிபட்டவர். “ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. எடுத்துப் பாத்துட்டு வேண்டாததை நாளைக்குக் குடுங்க,” என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரிய லென்ஸைத் துணியில் சுற்றி மகள் மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “குழந்தைக்கு என்ன வயசும்மா?” என்றார். அரை டிக்கெட் வாங்கிய பிறகுதான் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை செய்த முதல் வேலை, பெரிய லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டியது. கேமரா தானாகவே ஃபோகஸ் பிடிக்கும் சுவிட்ச் அது. அவருடைய பழைய லென்ஸிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கும். கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் வைப்பார்.

“இதுக்காவது டேப் ஒட்டாம விடுங்களேன்,” என்றாள் மகள். “மெஷின் பாத்துக்கும்.”

“மெஷினே பாத்துக்கும்னா நான் எதுக்கு? ஸ்டாண்டுக்குப் பதிலா நிக்கவா?”

“ஒரு தடவ பாக்கலாமே.”

“நீ காலைலேருந்து ஒரு மாதிரியாத்தான் பேசிட்டு இருக்க. கடையிலயும் சின்னது போதும், சின்னது போதும்னு. ஏன், எனக்கு இது அதிகமா?”

“அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொல்ற?”

பதில் அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால் அவர் கேமராவைக் கீழே வைத்துவிடுவார்; வைத்தால் மறுபடியும் எடுக்க மாட்டார். அந்தப் பயம்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. அவரோ, மனைவிக்குத் தன் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். ஒரே அறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரில் பிரேம் போட்ட கல்யாண ஜோடிகள் அத்தனை பேரும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சோதனை செய்துவிடுவது என்று முடிவாயிற்று. பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று, பழையதில் ஒன்று. படத்துக்கு உட்காருவது நான். எங்கள் வீட்டில் அசையாமல் உட்காரக்கூடியவை இரண்டுதான்: அலமாரியும் நானும். அலமாரிக்கு இமை கிடையாது.

ஜன்னல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. மாப்பிள்ளை பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு வளையத்தைத் திருப்பினார். முன்னே, பின்னே. மறுபடி முன்னே. தாண்டிவிட்டது போல, மறுபடி பின்னே. முன்பெல்லாம் ஒரே திருப்பில் நிறுத்துவார்.

“மாமா, மூச்சை விடாதீங்க.”

விடவில்லை. அவர் ஃபோகஸ் வைத்து முடிப்பதற்குள் என் நகம் கொஞ்சம் வளர்ந்தது.

அடுத்து சின்ன லென்ஸ். அதே முன்னே, அதே பின்னே. பிறகு பழைய லென்ஸை மாட்டும்போது அவருடைய கட்டைவிரல் அந்தக் குட்டிச் சக்கரத்தில் பட்டது.

“இது ஏன் இந்தக் கோடில வந்து நிக்குது?” என்றார்.

என் மகள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “துடைக்கும்போது பட்டிருக்கும்.”

“அதான பாத்தேன்! நான் எப்பவும் நடுவுலதான் வெச்சிருப்பேன்,” என்று அவர் சக்கரத்தைக் கிர்ர்ர் என்று நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்தார். கண்ணை வைத்தார்.

கண்ணை எடுத்தார். மறுபடி வைத்தார். சட்டை நுனியால் துளையைத் துடைத்தார். மறுபடி கண்ணை வைத்தார். எங்கேயோ ஒரு மோட்டார் பைக் உதைத்து உதைத்துக் கிளம்பாமல் இருந்தது. அது கிளம்பிப் போகும் வரை அவர் அப்படியே நின்றார்.

“தூசி,” என்றார் கடைசியில். யாரும் கேட்கவில்லை. படத்தை எடுத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போடுவது மகளின் வேலை. இயந்திரம் படங்களைத் துப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

“தப்பு பண்ணிட்டேன்ப்பா,” என்றாள். “நான் திருப்பித் திருப்பிக் குடுக்காம இருந்திருந்தா, முன்னாடியே அவருக்கே தெரிஞ்சிருக்கும். டாக்டர்கிட்ட போயிருப்பாரு. நல்லது பண்றோம்னு நினைச்சு என்ன பண்ணி வெச்சிருக்கேனோ.”

“சொல்லிடேன் பாப்பா.”

“எப்படி? ‘ஏங்க, உங்க கண்ணு போயிட்டு இருக்கு, நான்தான் இத்தன நாளா மறைச்சு வெச்சேன்’னா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்போதைக்கு அந்தச் சின்ன லென்ஸ் வந்தா போதும். கொஞ்ச நாள் தள்ளிடலாம். அதுக்குள்ள ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்கதானே எது நல்லா இருக்குன்னு சொல்லப்போறீங்க? இடது பக்கம் சின்னதை மாட்டறேன். இடதுன்னு சொல்லுங்க. போதும்.”

“சரி,” என்றேன்.

நடுவர் நான் என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. காரணம், என் கண். நான் வேலை பார்த்தது கலங்கரை விளக்கத்தில். அடிவானத்தில் போன ஒரு கப்பலின் சமையல்காரர் உப்புப் போட மறந்ததை மேலேயிருந்து பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அவருக்கு ஞாபகப்படுத்தியவன். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வாசலில் மாப்பிள்ளை என்னை மடக்கினார்.

“மாமா, ஒரு உதவி. எந்தப் படம் எதுல எடுத்ததுன்னு அவ சொல்ல மாட்டா. பெரிய லென்ஸ்ல எடுத்ததுல பின்னாடி திரைச்சீலைப் பூ எல்லாம் கரைஞ்சு போயிருக்கும். அதை வெச்சுக் கண்டுபிடிச்சுடுங்க. அதுதான் நல்லா இருக்குன்னு சொல்லுங்க.”

“நல்லா இல்லன்னா?”

“நல்லா இருக்கும். இருக்கணும் மாமா.” குரலைத் தாழ்த்தினார். “அந்த டாக்டரம்மா போனதிலேருந்து எனக்குக் கை நிக்க மாட்டேங்குது. நல்ல லென்ஸ் ஒண்ணு கையில இருந்தா தைரியமா எடுப்பேன். என் மேல தப்பு இல்லன்னு எனக்கே தெரியணும்.”

“சரி,” என்றேன் அவரிடமும்.

சாயங்கால வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே மூன்று படங்களும் சுவரில் ஏறின. மூன்றிலும் நான். மகள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவருக்குக் காப்பாற்றி, ஒருவருக்கு மீறுவது பெரிய மனிதன் செய்கிற காரியமில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தேன். திரும்பி வந்தேன்.

“நடுப் படம்,” என்றேன்.

இருவரும் வாயைத் திறந்தார்கள்.

“சந்தேகமே இல்ல. இமை ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. நெத்தியில வரி போட்டு எழுதலாம். சட்டைப் பொத்தானை யாரு தைச்சாங்கன்னு கேளுங்க, இடது கைக்காரன். நூல் திரும்பியிருக்குறதுலயே தெரியுது.”

மாப்பிள்ளை படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். மகள் பென்சிலால் எழுதியிருந்தாள். பழையது.

“மாமா,” என்றார். “நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துத்தான் சொல்றேன்.”

“இது எடுக்கும்போது எனக்கு உள்ள ஒண்ணுமே தெரியல மாமா. நீங்க எங்க இருக்கீங்கன்னுகூடத் தெரியல. ஒரு குத்துமதிப்புல எடுத்தேன்.”

நான் கைகளை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். சுவரில் மீதமிருந்த இரண்டையும் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கண்ணைக் கையால் மூடினார். கையை மாற்றி மறு கண்ணை மூடினார். மூடிய கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

“எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றார்.

பிறகு சிரித்தார். அழுதிருந்தால் தேவலை. “அப்போ நான் பாத்து எடுத்தத விட, பாக்காம எடுத்ததுதான் நல்லா இருக்கு. லென்ஸ் சாகல.”

என் மகள் சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதல் ‘கிர்’ரிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னாள். அவள் முடித்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எவ்வளவு நாளா?”

அவள் சொன்னாள்.

“அப்போ அக்கா பொண்ணை எடுத்தனே, தூங்கிட்டு இருக்கும்போது. எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னாங்களே. அது?”

“அது நீங்க எடுத்ததுதான்.”

“நாம எடுத்தது,” என்றார். அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பெரிய லென்ஸின் சுவிட்சில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். லென்ஸைத் துடைத்துத் துணியில் சுற்றினார். சின்னதையும் சுற்றினார். “ரெண்டையும் திருப்பிக் குடுத்துடு,” என்று மேசையில் வைத்துவிட்டு, கேமராவைத் தொடாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுப்படியில் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இடதுன்னு சொல்லுங்கன்னு உங்க காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேனேப்பா!”

“உள்ளதைச் சொன்னேன் பாப்பா.”

“என்ன உள்ளது? மூணுலயும் அதுதான் மோசம். உங்க மூக்கே கரைஞ்சு கன்னத்துல வழிஞ்சிருந்துச்சு. இமை நிக்குதாம், இடது கையாம்! உங்க வாயைக் குடுத்து அவர உடைச்சுட்டீங்களே.”

“அதுதான் மோசம்னு அவர்கிட்ட போய்ச் சொல்லட்டுமா?”

அவள் யோசித்தாள். நடுப் படம் மோசம் என்றால் பழைய லென்ஸ் மேல் பழி திரும்பும். மாப்பிள்ளை மறுபடியும் லென்ஸ் கடைக்குப் போவார். டாக்டரிடம் போக மாட்டார்.

“வேண்டாம்,” என்றாள் மெதுவாக. “சொல்லாதீங்க.”

அப்போது மாப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

“மாமா, நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன். நீங்க கூட வாங்க.”

“பாப்பா வரட்டுமே மாப்ள.”

“அவ வேண்டாம்.” அவளைப் பார்க்காமலே சொன்னார். “அவ வந்தா டாக்டரையே எனக்குத் தெரியாம திருப்பி வெச்சுடுவா. எனக்கு இப்ப உள்ளத உள்ளபடி பாத்துச் சொல்ற ஆளு வேணும். கண்ணுல மருந்து விட்டுட்டா வரும்போது எனக்கு ரோடு தெரியாது. பஸ் நம்பர் பாத்து, கையப் பிடிச்சு, நீங்கதான் கூட்டிட்டு வரணும்.”

மகள் என்னைப் பார்த்தாள்.

“அதுக்கென்ன மாப்ள, வரேன்,” என்றேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய் வருஷக்கணக்காகிறது.